கடலோரப் புறநகரில் இன்னும் எத்தனை வீடுகள் கட்டலாம்?

கேள்வி இதுதான்: ஒரு கடலோரப் புறநகரில் பத்தாண்டுகளாக அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. ஆனாலும் வாடகை இறங்கவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை. கிணற்று நீரும் உவர்க்கத் தொடங்கிவிட்டது. மக்கள்தொகை பெருகுகிறது, ஆகவே இன்னும் கட்டத்தான் வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்கிறார்கள் மறு சாரார். இதில் எது சரி?

நகரமைப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு சாராரும் வீடுகளைத்தான் எண்ணுகிறார்கள். கடலோரத்தில் ஓர் ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது அந்த ஊரின் அடியில் இருக்கும் நல்ல நீரும், அந்த ஊரிலிருந்து வெளியேற வேண்டிய மழைநீரும் கழிவுநீரும்தான். இந்த மூன்றையும் கணக்கிட்டு முடித்த பிறகே வீடுகளின் எண்ணிக்கையைப் பேச வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடப்பது தலைகீழாக இருக்கிறது: மனைப்பிரிவுக்கு அனுமதி முதலில், வீடு அதன் பின், நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கடைசியில்.

வீடுகள் பெருகியும் ஏன் தட்டுப்பாடு தீரவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். வீடுகளும் மக்களும் ஒரே வேகத்தில் கூடுவதில்லை. குடும்பத்துக்கு 5 பேர் என்ற நிலையில் 1,000 பேருக்கு 200 வீடுகள் போதும். அதே 1,000 பேர் குடும்பத்துக்கு 4 பேராகப் பிரிந்தால் 250 வீடுகள் வேண்டும். 3 பேரானால் 333. ஒரு தலைகூடக் கூடாமலே வீட்டுத் தேவை மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1960இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 3.3 பேர் இருந்தார்கள். இப்போது ஏறத்தாழ 2.5 பேர்தான். மணமான பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவதும், முதியவர்கள் தனியே வாழும் காலம் நீள்வதும் பல நாடுகளிலும் நடக்கின்றன. தேவையின் இந்தப் பகுதி உண்மையானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கடலோரத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடல் தெரியும் வீட்டை வசிப்பதற்காக அல்லாமல் சேமிப்பாகவும் விடுமுறை இல்லமாகவும் வாங்குபவர்கள் கடலை ஒட்டாத உள்நாட்டுப் புறநகரைவிட இங்கே மிக அதிகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குத் தெருவில் நின்று, ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். பிறகு ஒரு நீண்ட விடுமுறையின் நடு நாளில் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று மறுபடி எண்ண வேண்டும். நான் இதைப் பல தெருக்களில் செய்திருக்கிறேன். கரையிலிருந்து மூன்றாம் நான்காம் தெருவில் இரண்டு எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். முதல் தெருவில் இரண்டுக்கும் இடையிலான தூரம் நம்மைத் திகைக்க வைக்கும். புதிதாகக் கட்டப்படுபவை முதல் தெருவிலேயே குவிகின்றன என்றால், எத்தனை கட்டினாலும் வாடகை இறங்காததில் வியப்பில்லை.

தடை போட்டால் தீருமா என்றால், அதிலும் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற சிற்றூர், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே உரியவை என்ற விதியை 2016இல் வாக்கெடுப்பு நடத்தி ஏற்றுக்கொண்டது. வாக்களித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் அதை ஆதரித்தார்கள். விடுமுறை இல்லம் தேடி வந்தவர்கள் அதன் பின் பழைய வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். ஊர்க்காரர்கள் போட்டியிட வேண்டியிருந்ததும் அந்தப் பழைய வீடுகளுக்குத்தான். புதிய வீட்டுக்கு மட்டும் விதி போட்டுவிட்டுப் பழைய வீட்டைத் திறந்து விட்டால் இப்படித்தான் ஆகும். பூட்டிக் கிடக்கும் வீடு எதுவாக இருந்தாலும், புதியதோ பழையதோ, கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்பது இதைவிட நேரான வழி என்று நான் கருதுகிறேன்.

அடுத்து நிலம். உள்நாட்டுப் புறநகர் நான்கு திசையிலும் விரியலாம். கடலோரப் புறநகருக்கு ஒரு பக்கம் கடல். எஞ்சிய அரை வட்டத்திலும் உப்பங்கழி, சதுப்பு, மணல்மேடு ஆகியவை பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் கடலோரத் தாழ்நிலம் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அதில் வாழ்பவர்களோ உலக மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு. ஆகவே கடலோரத்தில் நெருக்கம் வரத்தான் செய்யும். அடுக்குமாடியே கூடாது என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: உயரமாகக் கட்ட விடவில்லையென்றால் கட்டடங்கள் பக்கவாட்டில் பரவிச் சதுப்பைத்தான் தின்னும்.

இப்போது நீருக்கு வருகிறேன். என் பதிலின் மையம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

கடற்கரை மணலில் பத்தடி தோண்டினால் சர்க்கரை போல் தித்திக்கும் நீர் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அத்தனை அருகில் நல்ல நீர் எப்படி நிற்கிறது? கடல்நீர் நல்ல நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது. அதனால் மழைநீர் மணலில் இறங்கி, அடியில் நிறைந்திருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். 1889இல் பாடன் கைபென் என்ற டச்சுப் பொறியாளரும், 1901இல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டறிந்து எழுதிய கணக்கு இது. நீர்க்குமிழி போன்ற இந்த அமைப்பு நமக்குத் தரும் நன்மை பெரிது. ஆனால் அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். இறைப்பதால் மேல்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்து அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறும். கிணற்றில் நீர் அரை மீட்டர் இறங்கியதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஆழ்துளைக் கிணறு உவர்க்கும்போதுதான் தெரியவரும். அப்போது இன்னும் ஆழமாகத் துளையிடுவது இருப்பதிலேயே மோசமான வைத்தியம்.

கலப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலே போதும் என்பதையும் பாருங்கள். உப்பின் ஒரு கூறான குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்கு உப்புத் தெரியும். கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். நூறு குடம் நல்ல நீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் சேர்ந்தாலே கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கிவிடுகிறது.

சரி, ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் எத்தனை பேருக்கு நீர் தரும்? ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது என்று கொள்வோம். 24 கோடி லிட்டர் ஆகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6,57,000 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், இது 4,900 பேருக்குக்கூட எட்டாது. இறங்கும் நீர் முழுவதையும் எடுத்துவிடவும் கூடாது. ஒரு பகுதி கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தால்தான் உப்பு தள்ளி நிற்கும். பாதியை அதற்கு விட்டால் 2,400 பேர் ஆகிறது. அதே சதுர கிலோமீட்டரில் நான்கைந்து மாடிக் கட்டடங்கள் நெருங்கி நின்றால் 20,000 பேர் குடியேறுவது சாதாரணம். முற்றமெல்லாம் சிமென்ட் போட்டு, தெருவோரம் முழுக்கக் கல் பதித்து, இறங்கும் மழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் அந்த 2,400உம் பாதியாகிவிடும். மழையும் மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எந்த ஊரின் எண்களைப் போட்டாலும், நெருக்கமான குடியிருப்பு தன் காலடி நீரை நம்பி வாழ முடியாது என்பது மாறாது.

ஆகவே வெளியிலிருந்து குழாய் நீர் வந்தாக வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கலாம், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை வீடு விற்கும் முன் சொல்ல வேண்டும். விற்ற பின் லாரித் தண்ணீரில் தள்ளிவிடக் கூடாது. இன்னொரு வழியும் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1976 முதல், பயன்படுத்திய நீரை மிக நுட்பமாகச் சுத்திகரித்துக் கரையோரக் கிணறுகள் வழியே நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே நிற்கும் அந்த நீரே கடல்நீருக்கு அணை ஆகிறது. கழிவுநீரைச் சுமையாகப் பார்க்கும் ஊருக்கு அதுவே காவலாகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அளவுக்கு மீறி இறைப்பது உப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. இறுகாத வண்டல் மண் உள்ள இடத்தில் நிலமே அமுங்கும். ஜகார்த்தாவின் வடபகுதி இப்படி இறங்கியதற்கு நிலத்தடி நீரை இறைத்தது முதன்மைக் காரணம். டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலமும் இருபதாம் நூற்றாண்டில் சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல் அமுங்கியது; இறைப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகு, 1970களில் அமுங்குதல் பெரும்பாலும் நின்றது. இறங்கிய நிலம் மீண்டும் எழவில்லை. இன்றும் அங்குள்ள மக்கள் கரைச்சுவர்களுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் பின்னால்தான் வாழ்கிறார்கள்.

உள்ளே வரும் நீரைப் போலவே வெளியேற வேண்டிய நீரும் முக்கியம். கடலோரச் சமநிலத்தில் வடிகாலின் சரிவு மிகச் சிறியது. அதன் வாய் கடலிலோ கழியிலோ திறக்கிறது. ஓதம் (அன்றாடம் ஏறி இறங்கும் கடல்மட்டம்) உயர்ந்திருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் நீர் போக வழி இல்லை. கடல்நீர் எதிர்த்து ஏறாமல் இருக்க ஒருவழிக் கதவு போட்டாலும், ஓதம் இறங்கும் வரை ஊர் நீர் ஊரிலேயே நிற்க வேண்டும். நிற்க இடம் எங்கே? சதுப்பும் தாழ்ந்த வெற்று நிலமும்தான் அந்த இடம். விலை குறைவு என்று முதலில் மனைப்பிரிவாவதும் அதே நிலம்தான்.

இதில் தெருவளவில் நடக்கும் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டுபவர் வெள்ளத்துக்கு அஞ்சிச் சாலையைவிட மூன்றடி உயர்த்தித் தரை போடுகிறார். அடுத்த மனைக்காரர் அவரைவிட அரையடி கூட்டுகிறார். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரோடு சமமாகக் கட்டிய வீட்டின் வாசற்படி இப்போது சாலையைவிடத் தாழ்ந்து, முழுத் தெருவின் நீரும் அந்த முற்றத்தில் வந்து சேர்கிறது. ஓட்டு வீட்டின் திண்ணை மண்ணோடு மண்ணாகிப் போனதையும், வாசல் நிலையின் பாதி உயரத்துக்குச் செங்கல் வைத்து மறித்து, அதைத் தாண்டி ஒரு மூதாட்டி உள்ளே போவதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் தம் வீட்டைக் காத்துக்கொள்கிறார்கள். வெள்ளம் குறையாமல் இடம் மட்டுமே மாறுகிறது. தரைமட்டத்தை வீட்டுக்காரர் விருப்பத்துக்கு விடாமல் தெரு முழுவதற்கும் ஒரே அளவாக ஊராட்சியோ நகராட்சியோ விதித்தாக வேண்டும்.

கழிவுநீர் விஷயம் சுருக்கமானது, ஆனால் விலக்கில்லாதது. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வெளிவருவது உறிஞ்சுகுழி வழியே மண்ணில் இறங்குகிறது. மண் அதைச் சுத்தம் செய்ய, குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் ஓரிரு மீட்டராவது உலர்ந்த மண் வேண்டும். கடலோர மணலில் நீர் வேகமாக இறங்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் குழியையே தொட்டுவிடும். பெரிய மனையில் ஒரு வீடு இருந்தவரை இது தாங்கியது. அதே மனையில் எட்டு வீடுகள் எழுந்து, ஒரு மூலையில் உறிஞ்சுகுழியும் மறு மூலையில் ஆழ்துளைக் கிணறும் இருந்தால் விட்ட நீரையே திரும்ப இறைக்கிறோம். சாக்கடைக் குழாய் வராமல் அடுக்குமாடிக்கு அனுமதி கொடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

கட்டடத்தின் ஆயுளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கும்போது, துருவாகும் இரும்பு முன்னைவிடப் பலமடங்கு இடத்தை எடுத்துக்கொண்டு, மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பால்கனியின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள்: கம்பி ஓடும் திசையிலேயே ஒரு மெல்லிய விரிசல், அதன் ஓரத்தில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்புக் கோடு. அதன் மேல் வெள்ளை அடிப்பது நோயை மறைப்பதாகும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, பாதுகாப்பான உட்புறச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்) போதும் என்கிறது. கடலோரச் சூழலில் 45, கடல்நீர்த் துளி படும் இடத்தில் 50 மில்லிமீட்டர் என்று கேட்கிறது. இந்த 25, 30 மில்லிமீட்டர் வேறுபாட்டில்தான் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு நிற்கிறது. புளோரிடாவில் மயாமிக்கு அருகே, சர்ப்சைட் என்ற கடலோர ஊரில் 1981இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அந்த மாநிலம் முழுவதற்கும், பழைய அடுக்குமாடிகளைக் குறித்த ஆண்டில் கட்டாயமாக ஆய்வு செய்ய வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்தது. கடலோரத்தில் கட்ட அனுமதிக்கும் எந்த நிர்வாகமும் அத்தகைய விதியை அனுமதிக்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.

கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தருகின்றன. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் 100 மீட்டரைக் காப்பு எல்லையாக வைத்தது. ஏற்கெனவே நகரமாகிவிட்ட இடத்தில் 20 மீட்டர். இந்தியாவின் 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையோ, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மக்கள் நெருக்கம் கூடிய இடத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கும் விதி இது. கரையோரத்தில் ஏற்கெனவே வாழும் எளிய மக்கள் தம் வீட்டைத் திருத்திக் கட்ட இடம் வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் ஆபத்துக்குள் வாழ்பவர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் காப்புத் தூரம் குறைவாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய குடியிருப்பின் உரிமையையும் புதிய மனை வணிகத்தையும் ஒரே அளவுகோலால் அளந்ததே பிழை.

கரை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின், தெற்கிலிருந்து வந்த மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஒரு குடியிருப்பைக் காக்கக் கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீளும் தடுப்பாகத் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊர் மணலை இழக்கும் என்பது அங்கே நூறாண்டுகளுக்கு மேலாகக் கண்முன் நிற்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; வேகமும் கூடி வருகிறது. வீடு 60 ஆண்டு நிற்க வேண்டியது. அறுபதாம் ஆண்டின் கரை எங்கே இருக்கும் என்று பார்த்துத்தான் இன்று அடித்தளம் தோண்ட வேண்டும்.

ஊரில் தொன்றுதொட்டு வாழும் மீனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் வெற்று மணலாகத் தெரிவது படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் இடம். அவர்களிலும் மக்கள் பெருகுகிறார்கள். ஆனால் பக்கத்து மனை அவர்கள் எட்டாத விலைக்குப் போய்விட்டதால் ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. ஊர் வளர்கிறது என்று சொல்லும்போது முதலில் கணக்கில் வர வேண்டிய வளர்ச்சி அதுதான். கடலுக்குப் போய் வரும் தூரத்துக்குள் அவர்களுக்கென நிலம் ஒதுக்கிய பிறகே மற்ற மனைகளைப் பிரிக்க வேண்டும்.

இனி உங்கள் ஊரில் நீங்கள் கேட்க வேண்டியது. எத்தனை வீடுகள் என்று மொத்தமாக முடிவு செய்யாமல், கட்டம் கட்டமாக அனுமதி தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டமும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எட்டிய தெருக்களில் மட்டும் இருக்கட்டும். கரையிலிருந்து உட்புறமாக, சாலை அகலமாகவும் தரை உயரமாகவும் உள்ள இடத்தில் நான்கைந்து மாடி வரட்டும். சதுப்பின் எல்லையைக் கல் நட்டுக் காட்டட்டும். கரையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் குளோரைடு அளவையும் மாதந்தோறும் அளந்து ஊர் அலுவலகப் பலகையில் எழுதி வைக்கச் செய்யுங்கள். அளப்பது எளிது, பள்ளி மாணவர்களே செய்யலாம். இரண்டு கோடைகளாகத் தொடர்ந்து குளோரைடு எண்கள் ஏறினால் அடுத்த கட்ட அனுமதி தானாக நின்றுவிட வேண்டும் என்பதை அனுமதி ஆணையிலேயே ஒரு விதியாக எழுதி வாங்குங்கள். வீடு வாங்க வருபவரும் கையெழுத்திடும் முன் அந்தப் பலகையைப் போய்ப் பார்க்கட்டும்.